சிடி34-க்கு எந்த ஆன்டிபாடி, எந்தச் சாயம், எந்தத் தொகுப்பு: வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

மனித ரத்தக் குருத்தணுக்களை (எல்லா ரத்த அணுக்களும் உருவாகும் மூலச் செல்களை) ஃப்ளோ சைட்டோமெட்ரியில், அதாவது சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் முறையில், அடையாளம் காண எந்த ஆன்டிபாடியை வாங்குவது என்ற கேள்வி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் முதுகலை மாணவர்களிடமிருந்தும், மருத்துவமனை ஆய்வகங்களில் பணிபுரிவோரிடமிருந்தும் தொடர்ந்து வருகிறது. அவற்றின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதமான சிடி34-இன் பெயரில் தேடினால் விலைப்பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. ஒரே புரதத்துக்கான ஆன்டிபாடி பல குளோன்களில் (ஒவ்வொன்றும் ஒரே செல்வழியில் வந்த தனி வகை ஆன்டிபாடி) கிடைக்கிறது. ஒவ்வொரு குளோனும் பல சாயங்களில் கிடைக்கிறது. போதாக்குறைக்கு எல்லாம் சேர்ந்த கிட்டும் இருக்கிறது. கேட்பவரின் திட்டப் பணமோ ஒன்றிரண்டு வயல்களுக்கு (சிறு குப்பிகளுக்கு) மேல் தாங்காது. எனவே மலிவான எஃப்ஐடிசி சாயத்தை எடுத்துவிடலாமா, சற்றுக் கூடுதலாகக் கொடுத்து பிஇ சாயம் வாங்கலாமா, துணிந்து ஏழு நிறப் பேனலுக்குப் (ஒரே மாதிரியில் பல ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்புக்கு) போகலாமா என்று குழம்பி நிற்கிறார்கள்.

வயலின் விலையைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பதே என் கருத்து. குமரி மாவட்டத்திலிருந்து இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் திருவனந்தபுரத்திலோ வேறு நகரத்திலோ உள்ள கருவியை மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு வீணாகும் ஒரு கருவி நேரமும், வழியில் கெட்டுப்போகும் ஒரு மாதிரியும், இரண்டு வயல்களுக்கு இடையிலான விலை வித்தியாசத்தை எளிதில் விழுங்கிவிடும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல், நீங்கள் எண்ணப் போகிறீர்களா, பிரித்தறியப் போகிறீர்களா என்பதாகும். குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு முன் தேவைப்படுவது எண்ணிக்கை. நோயாளியின் உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் வேண்டும், 50 லட்சம் கிடைத்தால் நல்லது என்பது பொதுவான வழக்கம்; 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்த அளவே 12 கோடி ஆகிறது. இங்கே சிடி34 தாங்கும் செல்கள் அனைத்தையும் சேர்த்தே எண்ணுகிறோம். ஆய்வு மாணவர் கேட்பது வேறு. சிடி34 செல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஏதோ ஒரு ரத்த அணு வகையாக மாறும் பாதையில் இறங்கிவிட்ட முன்னோடிகள். ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களும் சிடி34 தாங்கும். எலும்பு மஜ்ஜையில் பி லிம்போசைட்டுகளின் இளம் முன்னோடிகளும் தாங்கும். ஆகவே உண்மையான குருத்தணுவைத் தனியே காட்ட வேண்டுமானால் சிடி34 மட்டும் போதாது.

இரண்டாவது, கருவியில் உள்ள லேசர்களும் கண்டறிவான்களும். மூன்றாவது, சிடி34 புரதத்தின் எந்தப் பகுதியில் அந்தக் குளோன் ஒட்டுகிறது என்பது. நான்காவது, சாயத்தின் ஒளிர்வும், தேடும் புரதம் செல்லின் மேற்பரப்பில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பது. ஐந்தாவது, வெளிச்சம், வெப்பம், உறைநிலை ஆகியவற்றை அந்தச் சாயம் தாங்குமா என்பது. ஆறாவது, காலாவதித் தேதிக்குள் எத்தனை மாதிரிகள் பார்ப்பீர்கள் என்பது. கடைசியாக, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பது: ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட்ட வயலைக் கொண்டு நோயாளிக்கு அறிக்கை எழுதக் கூடாது. இந்தியாவில் நோயறி வினைப்பொருள்கள் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளுக்குள் வருகின்றன. மருத்துவமனை வேலைக்கு அதற்கென அனுமதி பெற்ற பொருளையே வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். பட்டியலில் ‘சிடி34’ என்பதோடு ‘ஆர்ஏஎம்34’ என்று குளோன் பெயர் இருந்தால் அது எலியின் சிடி34-க்கானது. எலியின் ரத்தக் குருத்தணுக்களுக்கு அடையாளங்களே வேறு. மனித ரத்தத்தில் அந்த வயலால் பயனில்லை.

## குளோன்: மூன்று வகுப்புகள்

கர்ட் சிவினும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், கேஜி-1ஏ என்ற ரத்தப் புற்றுநோய்ச் செல்வரிசையைக் கொண்டு உருவாக்கிய மை-10 என்ற ஆன்டிபாடிதான் இந்தப் புரதத்தை முதலில் அடையாளம் காட்டியது. அதன்பின் வந்த பல குளோன்களை, நொதிகளால் வெட்டியபின் அவை ஒட்டும் இடம் எஞ்சுகிறதா என்பதைப் பார்த்து மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்கள். சிடி34 என்பது உடல் முழுவதும் சர்க்கரைச் சங்கிலிகளும் சியாலிக் அமிலமும் போர்த்திய புரதம். செல்லுக்குச் செல் இந்தப் போர்வை மாறுபடுவதால், ஆன்டிபாடி போர்வையில் ஒட்டுகிறதா அல்லது அதன் அடியிலுள்ள புரதத்தில் ஒட்டுகிறதா என்பது முடிவையே மாற்றிவிடும்.

### முதல் வகுப்பு

மை-10, பிஐ-3சி5, 12.8 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. நியூராமினிடேஸ், கைமோபப்பெய்ன், கிளைக்கோபுரோட்டியேஸ் என்ற மூன்று நொதிகளில் எதைக் கொண்டு வெட்டினாலும் இவை ஒட்டும் இடம் போய்விடும். சியாலிக் அமிலம் குறைந்த சிடி34 வடிவங்களை இவை தவறவிடக்கூடும் என்பதால், எண்ணும் வேலைக்கு இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. பழைய ஆய்வு ஒன்றை அப்படியே திரும்பச் செய்து பார்ப்பவரைத் தவிர வேறு யாருக்கும் இன்று இவற்றை வாங்கக் காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

### இரண்டாம் வகுப்பு

கியூபெண்ட்-10 இதன் முக்கியப் பிரதிநிதி. நியூராமினிடேஸைத் தாங்கும், மற்ற இரண்டு நொதிகளைத் தாங்காது. பிஇ சாயத்துடன் நன்றாகவே வேலை செய்கிறது. எஃப்ஐடிசியுடன் இணைக்கும்போது மின்னேற்றம் மாறி ஒட்டும் திறன் குறைவதால் அந்தச் சேர்க்கையைத் தவிர்க்க வேண்டும். விலைப்பட்டியலில் மலிவாகக் கண்ணில் படும் சேர்க்கைகளில் ஒன்றாக அது இருக்கலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதில் இன்னொரு மறைமுகச் சிக்கலும் உண்டு. காந்த மணிகளைக் கொண்டு சிடி34 செல்களைப் பிரித்தெடுக்கும் முறைகளில் பரவலாகப் பயன்படுவது இதே கியூபெண்ட்-10 தான். அப்படிப் பிரித்த செல்களின் தூய்மையை அதே குளோனைக் கொண்டு சோதித்தால், ஒட்டும் இடம் ஏற்கெனவே மணிகளால் மூடப்பட்டிருக்கும்; பிரிப்பு நன்றாக நடந்திருந்தும் தோற்றதாகவே வரைபடம் காட்டும்.

### மூன்றாம் வகுப்பு

8ஜி12, 581, பிர்மா-கே3, ஏசி136 ஆகியவை மூன்றாம் வகுப்பு. மூன்று நொதிகளும் இவற்றின் இடத்தைத் தொடுவதில்லை. சர்க்கரைப் போர்வை எப்படியிருந்தாலும் ஒட்டும். எல்லாச் சாயங்களுடனும் இணைக்கலாம். கியூபெண்ட்-10 மணிகளால் பிரித்த செல்களையும் இவற்றைக் கொண்டு சோதிக்கலாம். பெக்டன் டிக்கின்சன் நிறுவனத்தின் எண்ணும் கிட்டில் 8ஜி12-உம், பெக்மன் கூல்டரின் கிட்டில் 581-உம் இருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. இந்த வகுப்புக்குள் எதை எடுப்பது என்று மணிக்கணக்கில் யோசிக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பொருள் வழங்குபவரிடம் எது நீண்ட காலாவதித் தேதியுடன் கையிருப்பில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

## சாயம்

சாயங்களை அட்டவணையாகப் பார்ப்பது எளிது. அலைநீளங்கள் தோராயமானவை.

| சாயம் | தேவையான லேசர் | ஒளிர்வு உச்சம் | பிரகாசம் | கவனிக்க வேண்டியது | சிடி34-க்கு |
|---|---|---|---|---|---|
| எஃப்ஐடிசி | 488 நா.மீ. | 520 நா.மீ. | மிதம் | அமிலத் தன்மையில் மங்கும். பச்சையில் செல்களின் சொந்த ஒளிர்வும் சேரும் | தவிர்க்கலாம் |
| பிஇ | 488 அல்லது 561 நா.மீ. | 578 நா.மீ. | மிக அதிகம் | உறையக் கூடாது | எண்ணும் வேலைக்கு முதல் தேர்வு |
| ஏபிசி | 633–640 நா.மீ. | 660 நா.மீ. | அதிகம் | உறையக் கூடாது. சிவப்பு லேசர் வேண்டும் | பிஇ வேறொன்றுக்குத் தேவைப்படும்போது |
| பிஇ-சிஒய்7 | 488 அல்லது 561 நா.மீ. | 785 நா.மீ. | அதிகம் | வெளிச்சம், வெப்பம், ஃபிக்ஸேட்டிவ் (செல்களை நிலைப்படுத்தும் வேதிப்பொருள்) ஆகியவற்றால் சிதையும் | பேனலில் மட்டும் |
| பிவி421 | 405 நா.மீ. | 421 நா.மீ. | மிக அதிகம் | ஊதா லேசர் வேண்டும் | கருவி இடம் தந்தால் |

சாதாரண நிலையில் உள்ள ஒருவரின் ரத்தத்தில் வெள்ளையணுக்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே சிடி34 செல்கள் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் சுமார் 1 முதல் 3 சதவீதம் வரை இருக்கலாம். இத்தனை அரிதான செல்லைத் தேடும்போது, பின்புலத்திலிருந்து தெளிவாக விலகி நிற்கும் ஒளிர்வுதான் நம்மைக் காப்பாற்றும். எஃப்ஐடிசி மூலக்கூறின் எடை வெறும் 389 டால்டன். பிஇ 2,40,000 டால்டன் எடையுள்ள புரதம், ஏராளமான ஒளியேற்பிகளைத் தன்னுள் சுமப்பது. இதனால் ஓர் ஆன்டிபாடிக்கு ஒரேயொரு பிஇ இணைந்திருந்தாலும் அது பளிச்சிடும். முட்டம், கடியபட்டணம் கரைப் பாறைகளில் காணும் சிவப்புப் பாசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த கடற்பாசிகளே இந்தப் புரதத்தின் மூலம் என்பதை, ராஜாக்கமங்கலத்தில் கடல்சார் அறிவியல் படிப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1982-இல் இத்தகைய பாசிப் புரதங்களை ஆன்டிபாடிகளுடன் இணைக்கும் வழி வெளியான பின்புதான் ஒரே மாதிரியில் பல நிறங்களைப் பார்ப்பது நடைமுறையாயிற்று.

எனவே எண்ணும் வேலைக்குச் சிடி34 பிஇ, சிடி45 எஃப்ஐடிசி என்பதே வழக்கம். சிடி45 வெள்ளையணுக்களின் மேல் அடர்த்தியாக இருப்பதால் மிதமான எஃப்ஐடிசியே அதற்குப் போதும். அரிதான செல்லுக்கு எஃப்ஐடிசியையும் அடர்த்தியான சிடி45-க்கு பிஇ சாயத்தையும் கொடுத்துத் தலைகீழாக வாங்கிவிட்டு, பிரிப்புத் தெரியவில்லை என்று வருவோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வயல்களில் குறையில்லை, இடம்தான் மாறிவிட்டது.

ஆனால் சிடி90 என்ற இன்னொரு மேற்பரப்பு அடையாளம் உள்ளே வந்தவுடன் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. குருத்தணுவைப் பிரித்தறியும் பேனலில் மிக மங்கலாகத் தெரிவது சிடி90 தான். எனவே பிஇ அதற்குப் போக வேண்டும், சிடி34 ஏபிசிக்கு நகர வேண்டும். சிடி38 ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டாகப் பிரியாமல் தொடர்ச்சியாகச் சரிந்து வரும் அடையாளம் என்பதால் அதற்கும் மங்கலான சாயம் ஒத்துவராது. பிஇ-சிஒய்5 சாயத்தையும் ஏபிசியையும் ஒரே பேனலில் வைக்க வேண்டாம். பிஇ-சிஒய்5 சிவப்பு லேசராலும் தூண்டப்பட்டு ஏபிசியின் இடத்திலேயே ஒளிர்வதால் காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி மற்றொன்றின் இடத்தில் கசிவதைக் கழிக்கும் கணக்கு) எவ்வளவு செய்தாலும் சிடி34 பரவித் தெரியும்.

பிஇ-சிஒய்7 போன்ற இணைச் சாயங்களில், ஒரு சாயம் ஒளியை வாங்கி மற்றொன்றிடம் ஒப்படைக்கிறது. அந்த இணைப்பு முறிந்தால் முதல் சாயம் தன் சொந்த நிறத்திலேயே ஒளிரத் தொடங்கும். அதாவது பிஇ-சிஒய்7 சாயம் தாங்கிய சிடி38 செல், பிஇ சாயத்தில் சிடி90 இருப்பது போலப் பொய்யாகக் காட்சி தரும். தோவாளைச் சந்தையில் விடியலில் வாங்கிய பிச்சிப்பூ மதியத்துக்குள் நிறம் மாறிவிடுவது போல, வெளிச்சத்தில் மேசைமேல் கிடக்கும் இணைச் சாயமும் மாறிவிடும். பூவின் மாற்றம் கண்ணுக்குத் தெரியும், வயலுக்குள் நடப்பது தெரியாது.

## மூன்று தொகுப்புகள்

### தனித்தனி வயல்கள்: சிடி34 பிஇ, சிடி45 எஃப்ஐடிசி, 7-ஏஏடி

488 நானோமீட்டர் லேசர் மட்டும் உள்ள பழைய கருவியிலும் இது ஓடும். ஃபேக்ஸ்காலிபர் போன்ற நான்கு நிறக் கருவி தாராளமாகப் போதும். 7-ஏஏடி இறந்த செல்களுக்குள் மட்டும் புகுந்து டிஎன்ஏவில் ஒட்டுவதால், ஆன்டிபாடிகளைக் கண்டபடி உறிஞ்சிப் பொய்க் கணக்குத் தரும் செத்த செல்களைக் கணக்கிலிருந்து நீக்கலாம். கேட்டிங்குக்கு (வரைபடத்தில் வேண்டிய செல்களை மட்டும் படிப்படியாகத் தேர்ந்தெடுப்பதற்கு) 1996-இல் வெளியான, ஐஷேஜ் என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல்களைப் பின்பற்றலாம்: முதலில் சிடி45 தாங்கும் செல்கள், அவற்றில் சிடி34 தாங்குபவை, அவற்றுள் சிடி45 மங்கலாகவும் பக்கச் சிதறல் (செல்லுக்குள் துகள்கள் எவ்வளவு என்பதைக் காட்டும் ஒளிச்சிதறல்) குறைவாகவும் உள்ளவை, கடைசியில் அவை லிம்போசைட் அளவை ஒட்டிய இடத்தில் ஒன்றாகத் திரள்கின்றனவா என்ற சரிபார்ப்பு. குறைந்தது 75,000 சிடி45 செல்களையும் 100 சிடி34 செல்களையும் சேகரிக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல் சொல்கிறது.

அந்த 100 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 100 செல்களை எண்ணினால் எண்ணிக்கையின் இயல்பான தடுமாற்றமே 10 சதவீதம். 400 எண்ணினால் 5 சதவீதம். மாதிரியில் 0.05 சதவீதம்தான் சிடி34 என்றால், 100 செல்கள் சேர 2 லட்சம் சிடி45 செல்கள் ஓட வேண்டும். கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறுவது இங்கேதான்.

இந்தத் தொகுப்பின் மறைமுகச் செலவு காலாவதி. 100 சோதனைக்கான வயலை வாங்கி மாதம் இரண்டு மாதிரி மட்டும் பார்ப்பவர், பாதிக்கு மேல் குப்பையில் கொட்ட வேண்டியிருக்கும். சிறிய வயல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு கல்லூரிகள் சேர்ந்து வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. ஆய்வு வேலையில், வயல் வந்தவுடன் வெவ்வேறு அளவுகளில் டைட்ரேஷன் செய்து பார்த்தால், லேபிளில் சொன்ன அளவைவிடக் குறைவே போதும் என்று பல நேரங்களில் தெரியவரும். கூடுதல் ஆன்டிபாடி பின்புலத்தை உயர்த்துமே தவிர நன்மை தராது. நோயாளியின் மாதிரிக்கு இந்தச் சிக்கனம் ஆகாது. அங்கே லேபிள் சொல்வதே அளவு.

### எண்ணும் கிட்

இதிலும் அதே சிடி34 பிஇ, சிடி45 எஃப்ஐடிசி, 7-ஏஏடி தான். கூடுதலாக எண்ணிக்கை தெரிந்த ஒளிர்மணிகளும், சிவப்பணுக்களைக் கரைக்கும், ஃபிக்ஸேட்டிவ் கலக்காத அமோனியம் குளோரைடு கரைசலும் வரும். ஒரு சோதனைக்கான விலை தனித்தனி வயல்களைவிடத் தெளிவாகவே அதிகம். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது, தனியாக ரத்த அணு எண்ணும் கருவியின் துணையில்லாமல் ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை செல்கள் என்று நேரடியாகச் சொல்லும் வசதி.

கணக்கு எளிது. ட்யூபில் 50,000 மணிகளும் 100 மைக்ரோலிட்டர் ரத்தமும் இருக்கின்றன. கருவி 10,000 மணிகளையும் 400 சிடி34 செல்களையும் எண்ணியது என்று வைத்துக்கொள்வோம். மணிகளில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணப்பட்டதால் செல்களிலும் ஐந்தில் ஒரு பங்கே எண்ணப்பட்டிருக்கும். மொத்தம் 2,000 செல்கள், அதாவது மைக்ரோலிட்டருக்கு 20. கொடையாளரிடமிருந்து அன்றைக்கே குருத்தணு சேகரிக்கலாமா என்று முடிவெடுக்கப் பல மையங்கள் பார்ப்பது மைக்ரோலிட்டருக்கு 10 முதல் 20 வரையிலான எல்லையைத்தான். பிப்பெட்டில் 100-க்குப் பதில் 90 எடுத்தால் விடையும் அதே அளவு குறையும் என்பதால், கிட்டின் விலையில் பாதியைப் பிப்பெட் பிடிக்கும் கைதான் காப்பாற்ற வேண்டும்.

அந்தக் கை செய்ய வேண்டியதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். முனையை ரத்தத்தில் ஆழமாக அமிழ்த்தாமல் மேற்பரப்பை ஒட்டி எடுத்து, முனையின் வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் திசுத்தாளால் வாய்ப்பகுதியைத் தொடாமல் துடைத்து, ட்யூபின் அடியில் மெதுவாக விட வேண்டும். இழுக்கும்போது இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி எடுத்து, விடும்போது முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்துவதைத் தலைகீழ் பிப்பெட்டிங் என்பார்கள். ட்யூபின் சுவரில் ஒரு சிறு கீற்று ரத்தம் ஒட்டி நின்றுவிட்டால், அதில் ஆன்டிபாடி படாது. பின்னர் கரைசல் ஊற்றும்போது அது கீழே கலந்து, சாயம் ஏறாத செல்களாகக் கணக்கைக் குலைக்கும். அந்தக் கீற்றைக் கண்டால் ட்யூபைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மலிவு.

உலர்ந்த மணிகள் கொண்ட ட்யூபுகளுக்கு ஈரம் ஆகாது. ஈர உறிஞ்சியுடன் மூடிய பையில்தான் வரும். வருடத்தில் இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள இந்த ஊரில் பையைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது.

### விரிந்த பேனல்

சிடி34 செல்களுக்குள் சிடி38 இல்லாதவை, அவற்றில் சிடி90 உள்ளவை, சிடி45ஆர்ஏ இல்லாதவை என்று குறுக்கிக்கொண்டே போவது மஜெட்டி, பார்க், வைஸ்மன் ஆகியோர் 2007-இல் தொப்புள்கொடி ரத்தத்தில் காட்டிய வழி. 2011-இல் நோட்டாவும் ஜான் டிக்கின் ஆய்வகத்தினரும் சிடி49எஃப் என்ற அடையாளத்தைச் சேர்த்து, ஒற்றைச் செல்லைச் செலுத்தியே நோயெதிர்ப்பற்ற எலியில் மனித ரத்தத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இவற்றோடு சிடி3, சிடி14, சிடி16, சிடி19, சிடி20, சிடி56 ஆகிய முதிர்ந்த அணுக்களின் அடையாளங்களை ஒரே நிறத்தில் கலந்த லினியேஜ் காக்டெயிலும், இறந்த செல்லைக் காட்டும் சாயமும் சேர்ந்தால் மொத்தம் ஏழு நிறம்.

ஊதா, நீலம், சிவப்பு என மூன்று லேசர்கள் உள்ள கருவிக்கு நான் சொல்லும் பங்கீடு இது: லினியேஜ் எஃப்ஐடிசி, சிடி90 பிஇ, சிடி38 பிஇ-சிஒய்7, சிடி34 ஏபிசி, சிடி45ஆர்ஏ பிவி421, சிடி49எஃப் பிவி650, இறந்த செல்களுக்கு அண்மை அகச்சிவப்பில் ஒளிரும், ஃபிக்ஸ் செய்தாலும் நிலைக்கும் சாயம். பிவி வரிசைச் சாயங்கள் இரண்டு வந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தனி பஃபர் வேண்டும். விலைப்பட்டியலில் அது வேறு பக்கத்தில் இருக்கும்.

வயல்களின் விலையைக் கூட்டிப் பார்த்தவுடன் செலவு தெரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாயமே இல்லாத ட்யூப் ஒன்று, ஒற்றைச் சாய ட்யூபுகள் ஏழு, சிடி38, சிடி90, சிடி45ஆர்ஏ, சிடி49எஃப் ஆகிய நான்குக்கும் எல்லைக்கோடு போட ‘ஒன்று குறைவான’ (அந்த ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்ட) கட்டுப்பாட்டு ட்யூபுகள் நான்கு என, மாதிரிக்கு முன்பே பன்னிரண்டு ட்யூபுகள் ஓட வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தின் ஒற்றைக்கரு அணுக்கள் ஒரு கோடியை நொடிக்கு 5,000 வீதம் ஓட்டினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் ஒரு சதவீதம் சிடி34 என்றால் ஒரு லட்சம், அதில் பத்தில் ஒன்று சிடி38 இல்லாதது என்றால் பத்தாயிரம், அதற்குள்தான் நீங்கள் தேடும் சிறு பகுதி இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது தோற்றத்தால் குருத்தணு எனக் கருதத்தக்க செல்கள்; அவை குருத்தணுக்களே என்பதை அவற்றை எலியில் செலுத்திப் பார்க்கும் மாற்றுச் சோதனை ஒன்றுதான் உறுதிப்படுத்தும். அந்த வசதி இல்லாத ஓராண்டுத் திட்டத்தில் சிடி49எஃப் வரை போவது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

மூன்று லேசர் கருவி கிடைத்து, பிரிப்புக் கருவியும் அதே இடத்தில் இருந்து, பிரித்த செல்களை அடுத்து என்ன செய்வது என்பதற்குத் தெளிவான திட்டமும் இருந்தால் இதற்கு மாற்று இல்லை. மனிதத் தொப்புள்கொடி ரத்தம் பெற நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தாயின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் தேசியக் குருத்தணு ஆராய்ச்சி வழிகாட்டுதல்களையும் பார்த்துவிட்டே ஆன்டிபாடிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒப்புதல் தாமதமாகி, வயல் குளிர்பெட்டியிலேயே காலாவதியாவது அரிதான செய்தி அல்ல.

## வழியும் குளிர்பெட்டியும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டிச் சாலை வழியே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். சிவப்பணுக்களைக் கரைத்த மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும் என்பது எண்ணும் முறையின் நிபந்தனை. ஆகவே இங்கே சாயம் ஏற்றி அங்கே கொண்டுபோவது முதல் இரண்டு தொகுப்புகளுக்கும் பொருந்தாது. சாயமேற்றாத ரத்தத்தை உறைவெதிர்ப்பியுடன் கொண்டுபோய், கருவியின் பக்கத்திலேயே சாயமேற்றி, ரத்தம் எடுத்த 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஃபிக்ஸ் செய்து கொண்டுபோகலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஃபிக்ஸ் செய்தபின் எல்லாச் செல்களும் 7-ஏஏடி ஏற்கும் என்பதால் உயிருள்ளதையும் இறந்ததையும் பிரிக்க முடியாது. விரிந்த பேனலில் நிலைக்கும் சாயத்தை முன்பே ஏற்றிவிட்டு ஃபிக்ஸ் செய்யலாம் என்றாலும், பிஇ-சிஒய்7 அதில் பாதிக்கப்படும்.

வயல்கள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், இருட்டில் இருக்க வேண்டும். ஆன்டிபாடி என்றாலே ஃப்ரீசர் என்று நினைக்கும் ஸ்டோர் பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் போதும், பிஇ வயலும் ஏபிசி வயலும் ஒரே இரவில் பயனற்றுப்போகும். கூரியரில் வரும்போது உலர்பனி வேண்டாம், குளிரூட்டிய ஜெல் பொதி போதும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சனிக்கிழமை வந்து சேரும்படியோ, டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறையை ஒட்டியோ அனுப்பச் சொல்ல வேண்டாம். பொதி கூரியர் அலுவலகத்திலேயே வெயிலில் கிடக்கும்.

## யாருக்கு எது

மருத்துவமனையில் குருத்தணு சேகரிப்புக்கான எண்ணிக்கை கேட்கப்பட்டால் கிட் வாங்குங்கள். அங்கே சிக்கனம் பார்க்க இடமில்லை. முதுகலைத் திட்டத்தில் சிடி34 செல்கள் எத்தனை சதவீதம், எந்தச் சூழலில் கூடுகின்றன அல்லது குறைகின்றன என்று மட்டும் பார்ப்பவருக்கு மூன்றாம் வகுப்புக் குளோனில் சிடி34 பிஇ, சிடி45 எஃப்ஐடிசி, 7-ஏஏடி போதும். காந்த மணிகளால் பிரித்துத் தூய்மை பார்ப்பவருக்கும் இதுவே. குளோன் மட்டும் கியூபெண்ட்-10 ஆக இருக்கக் கூடாது. முனைவர் பட்டத்துக்குக் குருத்தணுவையே பிரித்தெடுக்கப் போகிறவர் விரிந்த பேனலுக்குப் போகலாம். ஆனால் முதலில் சிடி34, சிடி38, சிடி90, சிடி45ஆர்ஏ நான்கோடு லினியேஜும் உயிர்ப்புச் சாயமும் வைத்துத் தொடங்கி, பிரிப்புத் தெளிவாக வந்தபின் சிடி49எஃப் சேர்ப்பதே என் யோசனை. ஆன்டிபாடியே இல்லாமல், ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் நொதியின் செயலைக் கொண்டு குருத்தணுக்களைக் காணும் முறையும் இருக்கிறது. சிடி34-க்குத் துணைச் சான்றாக அது நன்று, தனியாக நிற்காது.

எதைத் தேர்ந்தாலும், ஆர்டர் எழுதும் முன் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்தை அழைத்து, லேசர்களின் அலைநீளங்கள், ஒவ்வொரு கண்டறிவானின் முன்னுள்ள வடிகட்டி, எஃப்ஐடிசி, பிஇ, ஏபிசிக்குரிய காம்பன்சேஷன் மணிகள் அங்கே இருக்கின்றனவா அல்லது நாம் வாங்கிக் கொண்டுபோக வேண்டுமா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆர்டரில் ‘மனித சிடி34’ என்பதோடு குளோன் பெயர், சாயம், வந்து சேரும் நாளில் குறைந்தது ஆறு மாத ஆயுள் மீதம், லாட் எண், உறையாத குளிர்ப் பொதி ஆகிய ஐந்தும் தனித்தனி வரிகளாக இருக்கட்டும்.